கலைக்களஞ்சியப் பிழையும் சைவர் கடமையும்

நூல்களிற் பிழை புகுதல் புதிதன்று. ஏடெழுதுவோர் கைப்பிழையும், அச்சுக் கோப்போர் கட்பிழையும், பதிப்பிப்போர் கருத்துப் பிழையும் பண்டு தொட்டே உள்ளன. அவற்றை அறிந்த நம் முன்னோர், பிழை கண்டவிடத்து நூலைத் தூற்றிவிட்டு வாளா இருந்தாரல்லர். சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கித் தூய பாடங் கண்டனர். அச்சு வந்த பின்னர் நூலின் இறுதியிற் 'பிழையும் திருத்தமும்' எனத் தனித்தாள் ஒன்று சேர்த்தனர். ஆறுமுக நாவலர் பதிப்பென்றாற் பிழையற்ற பதிப்பென உலகங் கொண்டது அவர் பிறர் பிழையைப் பேசியதனாலன்று, தாமே வரிதோறும் பார்த்துத் திருத்தியதனாலென்க. அம்மரபு நம்மிடை இன்று தளர்ந்து வருகின்றது. அத்தளர்ச்சி வெளிப்படத் தோன்றும் இடம் ஒன்றுண்டு; அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

இக்காலத்தில் ஒரு பொருளைப் பற்றி அறிய விழைவார் பெரும்பாலார் முதற்கண் நாடுவது இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவையே. அஃது ஆங்கிலத்தில் 2001 ஆம் ஆண்டு சனவரித் திங்களிலும், தமிழில் 2003 ஆம் ஆண்டிலும் தொடங்கப் பெற்றது. ஒரு நிறுவனம் புலவர்க்கு ஊதியங் கொடுத்து எழுதுவித்த நூலன்று அது. ஆர்வமுடையார் பலர் கூலி கருதாது எழுதியும், பிறர் எழுதியதைத் திருத்தியும் நாடோறும் வளர்த்து வருவது. தமிழ்க் கட்டுரைகளின் தொகை 2017 ஆம் ஆண்டில் ஓரிலக்கத்தைக் கடந்தது. பள்ளி மாணவன் மெய்கண்டாரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டின் அவன் கைப்பேசியில் முன்வந்து நிற்பது இக்களஞ்சியத்தின் பக்கமே. கடல் கடந்து வாழுந் தமிழர்தம் பிள்ளைகள் நாயன்மார் வரலாற்றை அறியும் வாயிலும் பலவிடத்து இதுவே. இக்காலத்துச் செயற்கை அறிவுப் பொறிகளும் இதனைக் கற்றே விடை பகர்கின்றன. ஆதலின், இங்கு நிற்கும் ஒரு பிழை இங்கு மட்டும் நிற்பதன்று. செய்தித்தாளார் அதனை எடுத்து எழுதுவர். பின்னர் அச்செய்தித்தாளையே சான்றாகக் காட்டி அப்பிழையை நிலைநாட்டுவாரும் உளர். பிழை தன் நிழலையே தனக்குச் சாட்சியாக்கிக் கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய களஞ்சியத்திற் சைவம் பற்றிய கட்டுரைகள் பல குறையுடையன என்பதை யாமும் மறுக்கிலேம். ஆயின் நெய்வேலி நகரியத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழுஞ் சைவ அன்பர் பலர் இதுபற்றிப் பேசும் முறையே எமக்கு உடன்பாடன்று. அன்னார் கூற்றை மூன்றாகத் தொகுத்து, ஒவ்வொன்றும் பொருந்தாமை காட்டுதும்.

முதற் கூற்றாவது: 'யாவரும் எழுதலாம், யாவரும் அழிக்கலாம் என்னும் நூல் நூலேயன்று, அதனைத் திருத்துதல் ஆற்றிற் கரைத்த புளியாம், கற்றார் அதனைத் தீண்டாதிருத்தலே தக்கது' என்பது.

இது பொருந்தாது. யாவரும் எழுதலாமென்பது உண்மையே. ஆயின் எழுதியவை யாவும் நிற்குமென்பது உண்மையன்று. ஒவ்வொரு பக்கத்திற்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்றுண்டு. எக்கணக்கினர், எந்நாளில், எச்சொல்லைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பது அதன்கண் அழியாது பதிந்திருக்கும். தீயார் ஒருவர் அழித்ததை நல்லார் ஒருவர் நொடியில் மீட்கலாம். அச்சு நூலுக்கு இவ்வசதி உண்டோ? ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய்த் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு வந்தது 1934 ஆம் ஆண்டில். முதற் பதிப்பிற் கண்ட பிழை திருந்துதற்கு இருபத்து நான்கு யாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரியசாமித் தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய் வந்தது. அப்பெரும்பணி முடிவதற்குள்ளேயே முதற்றொகுதியின் செய்திகள் பல பழமையெய்தின. அவ்வறிஞர் உழைப்பைக் குறைத்து மதிப்பேமல்லேம். அச்சென்னுங் கருவிக்கு இயல்பாயுள்ள எல்லை இதுவென்றே காட்டினாம்.

இன்னுங் கேட்க. 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் 2005 ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்திலுமிருந்து 42 அறிவியற் பொருள்களின் கட்டுரைகளை எடுத்து வல்லுநரைக்கொண்டு ஆராய்வித்தது. முன்னதில் 162 குறைகளும் பின்னதில் 123 குறைகளும் காணப்பட்டன. பிரித்தானிக்கா நிறுவனத்தார் அவ்வாராய்ச்சி முறையை மறுத்துரைத்தனராயினும், கற்றோர் தொகுத்த நூலும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று என்பது தெளிவாயிற்று. 'ஆங்கிலத்திற்கு உள்ள கைகள் தமிழிற்கு இல்லையே' எனின், அஃதொக்கும். தமிழ்க் களஞ்சியத்தில் இடைவிடாது உழைப்பார் மிகச் சிலரே. ஆயின் இது தீண்டாதிருத்தற்குக் காரணமாகுமோ? ஆளில்லாத வயலிற் களை மிகுந்ததென்று கூறிக் களை பறிக்க வல்லானும் வரப்பில் நின்று நகைப்பானாயின், அக்களையில் அவனுக்கும் பங்குண்டன்றோ?

இரண்டாங் கூற்றாவது: 'நம் சமயக் கொள்கைக்கு மாறானவற்றையும் அக்களஞ்சியம் எழுதி வைத்துளது, மாற்றார் கருத்தை அறவே நீக்கி உண்மையை மட்டும் நிறுத்தல் வேண்டும்' என்பது.

இவ்வாறு கூறுவார் சைவத்திற்கு நன்மை செய்வார் போன்று தோன்றினும், சைவ நூன்மரபை அறியாதவரே யாவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் இயற்றப் புகுந்தவர் சுபக்கத்திற்கு முன் பரபக்கம் வகுத்தது என்னை? உலகாயதன் முதலாகப் புறக்கொள்கையாளர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, அவரவர் கூற்றை அவரவர் உடன்படுமாறு முதலிற் கூறி, அதன் பின்னரன்றோ மறுக்கின்றார்? மாற்றான் கூற்றை மறைத்துவிட்டுப் பெறும் வெற்றி வெற்றியன்றென்பது அப்பெரியார் நமக்குக் காட்டிய நெறி. இக்களஞ்சியத்தார் 'நடுநிலை நோக்கு' என்று கூறுவதும் ஏறக்குறைய இப்பரபக்க நேர்மையே. வேறுபாடு ஒன்றே: பரபக்கம் கூறியபின் மறுத்துத் தன் கொள்கை நிறுவுதல் சாத்திரத்தின் தொழில், இன்னார் இன்னது கூறினர் எனக் காட்டி நிற்றல் களஞ்சியத்தின் தொழில். தொழில் வேறாயினும் மாற்றான் கூற்றைத் திரிக்காமை இரண்டற்கும் பொது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். சிவஞானபோதப் பன்னிரு சூத்திரங்களும் ரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தின் மொழிபெயர்ப்பென்பது மாபாடியஞ் செய்த சிவஞான முனிவர் கொள்கை. அவை மெய்கண்டார் தாமே தமிழில் அருளிய முதனூலென்பது கடந்த நூற்றாண்டிற் பல தமிழறிஞர் நிறுவ முயன்ற கொள்கை. இவ்விரண்டனுள் ஒன்றை உண்மையெனத் துணிதல் அவரவர் ஆராய்ச்சிக்கு உரியது. ஆயின், ஒரு சாரார் வந்து மற்றையோர் கூற்றை அழித்தலும், அவர் மீண்டு வந்து இவர் கூற்றை அழித்தலும் செய்வாராயின் கற்பவன் பெறுவது யாது? வெற்றுப் பக்கமே. முனிவர் கூறியது இது, இன்ன நூலில் இன்ன பக்கம். மறுத்தோர் கூறியது இது, இன்ன நூலில் இன்ன பக்கம் என இரண்டையும் நிறுத்துதலே திருத்தம். அவ்வாறே, சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் உண்மைநெறி விளக்கம் உமாபதி சிவாசாரியார் செய்ததென்பாரும், சீகாழித் தத்துவநாதர் செய்ததென்பாரும் உளர். அட்டவணையில் ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைத்தல் கற்போனை ஏய்த்தலாம். மாணிக்கவாசகர் காலமும் இத்தகையதே. ஒரு நூற்றாண்டை எழுதி மற்றையோர் கணிப்பெல்லாம் பிழையென ஒழித்தல், ஆராய்ச்சியின் வாயிலை அடைத்தலே யாகும்.

மூன்றாங் கூற்றாவது: 'யாம் வழிவழியாக அறிந்ததை எழுதினால் "சான்று தேவை" என்று குறியிடுகின்றனர், எம் சொல்லை ஐயுறுதற்கு இவர் யார்?' என்பது.

இவ்வினா சினத்தின்பாற் பட்டதேயன்றி ஆராய்ச்சியின்பாற் பட்டதன்று. சித்தியார் தொடக்கத்திலேயே அளவை கூறப்பட்டிருப்பதைக் கற்றாரும் இங்ஙனம் வினவுதல் வியப்பே. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளால் நிறுவப்படாத ஒன்றை நம் ஆசிரியர் கொண்டதில்லை. பரம்பொருளையே அளவையால் ஆராய்ந்து நிறுவிய சமயத்தார், ஒரு கோபுரத்தின் உயரத்திற்கும் ஒரு நூலாசிரியர் பெயருக்கும் சான்று கேட்டாற் சீறுதல் தகுமோ? சான்று கேட்டல் இகழ்ச்சியன்று. எழுதியவர் இன்னாரென முகங் காணாத இடத்தில், சொல்லுக்குத் தகுதி தருவது சொன்னவர் பெருமையன்று, அவர் காட்டும் ஆதாரமே என்க.

சான்று காட்டுதல் எத்துணைப் பயன் தருமென்பதற்கு உமாபதி சிவாசாரியார் காலமே கரியாகும். சங்கற்ப நிராகரணத்தில் அந்நூல் எழுந்த சகாத்தம் 1235 என்பது அந்நூலகத்தேயே குறிக்கப் பெற்றுளது. அது கிறித்து ஆண்டு 1313. மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர், உமாபதியார் என வரும் ஆசிரிய மாணாக்க வரிசையை இதனோடு பொருத்த, மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டினரென்பது கருதலளவையாற் போதரும். இவ்வொரு குறிப்பு ஆயிரம் புகழுரைகளினும் வலியது. சான்றின்றி எழுதுவதால் நேருங் குழப்பத்திற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. திருவுந்தியார் செய்தவர் திருவியலூர் உய்யவந்ததேவ நாயனார். திருக்களிற்றுப்படியார் செய்தவர் திருக்கடவூர் உய்யவந்ததேவ நாயனார். பெயரொப்புமை கொண்டு இருவரையும் ஒருவராக்குதல் எளிது. ஊர்ப்பெயரோடு நூற்பக்கத்தையுங் காட்டுவார்க்கு அம்மயக்கம் நேராது.

'எம் ஊர்ச் செய்தி எந்நூலிலும் அச்சாகவில்லையே, என் செய்வேம்?' எனின், அச்சாக்குக. கோயிற் கல்வெட்டைப் படித்துப் பாடங் குறித்து, முதியோர் கூறுவனவற்றைக் கேட்டெழுதி, தக்க இதழில் வெளியிடுக. அதன் பின்னர் அது சான்றாகும். களஞ்சியம் புதிய ஆராய்ச்சி தோன்றுமிடமன்று, தோன்றிய ஆராய்ச்சி தொகுக்கப்படுமிடம். இவ்வரிசையை மாற்றுதல் விதைக்கு முன் அறுவடை நாடுதலை ஒக்கும்.

இனி, நம் ஊர்ச் செய்தி ஒன்றையே உரைகல்லாகக் கொள்வாம். நெய்வேலி நகரியத்துத் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள நடராசப் பெருமானின் ஐம்பொன் திருமேனி பத்தடி உயரத்தது. உலகிலேயே மிகப் பெரிய நடராசர் திருவுருவம் இதுவென்று நம்மனோர் பல்லாண்டாகப் பெருமையோடு கூறி வருகின்றனர். ஆயின், 2023 ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஜி-20 மாநாடு கூடிய பாரத மண்டபத்தின் முன் 27 அடி உயரமும் ஏறத்தாழ 18 டன் நிறையும் உடைய எண்பொன் நடராசர் உருவம் நிறுவப் பெற்றது. அதனை வார்த்தவர் நம் சுவாமிமலைச் சிற்பியரே. இதன் பின்னரும் பழைய வாக்கியத்தை அவ்வாறே எழுதுதல் பொய்யாகும். இப்பொய்யை நீக்குவாரைச் 'சிவத் துரோகி' என்று ஏசுதல் அதனினுங் கொடிது. 'தில்லியில் உள்ளது மண்டபத்து முகப்பில் நிற்பது, பூசையில் உள்ளவற்றுள் நம் பெருமானே பெரியர்' என்று கூறுவார் உளர். அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் அதற்கும் சான்று வேண்டும். உயரம் இத்துணை, நிறை இத்துணை, நிறுவிய ஆண்டு இது, அளந்து எழுதிய நூல் இது என்று காட்டி, 'உலகிலேயே' என்பதை விடுத்தாற் பெருமானுக்கு வந்த குறை யாது? அண்டங் கடந்து நிற்பானுக்கு அடிக்கணக்காற் பெருமை தேடுதல் அன்பின் செயலன்று, ஊர்ச்செருக்கின் செயலென்க.

இவ்வாறே காலத்தால் மாறியவையும் பல. 1993 ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தது. நெய்வேலி கடலூர் மாவட்டத்ததாயிற்று. 1956 ஆம் ஆண்டு தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016 ஆம் ஆண்டு தன் பெயரை மாற்றிக்கொண்டது. பழைய நூலைப் பார்த்து எழுதிய கட்டுரைகளில் இவை திருத்தப்படாது நிற்பின், அவற்றை அறிந்த ஊரார் திருத்தாது வேறு யாவர் திருத்துவர்?

திருத்தும் முறையையும் சுருங்கக் கூறுதும். புதியவர் முதற்கண் 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுக. எழுத்துப் பிழை, ஆண்டுப் பிழை போன்ற ஐயமற்ற பிழைகளை நேரே திருத்தி, திருத்தியதன் காரணத்தை ஒரு வரியிற் குறிக்க. கருத்து வேறுபாடுடையவற்றை அக்கட்டுரைக்குரிய 'உரையாடற் பக்கத்தில்' சான்றோடு எழுதிப் பிறர் மறுமொழிக்குச் சில நாட் காத்திருக்க. பொதுக் குறைகளைக் களஞ்சியத்தார் 'ஆலமரத்தடி' என்று அழகுறப் பெயரிட்ட பொதுப் பக்கத்திற் கூறுக. 'இக்கட்டுரை முழுதும் தவறு' என்பது முறையீடன்று. 'இரண்டாம் பத்தியின் மூன்றாம் வரியில் இச்சொல் தவறு, சரியான சொல் இது, ஆதாரம் இது' என்பதே முறையீடு. கோயிற் பொறுப்பிலுள்ளார் தங் கோயிற் கட்டுரையைத் தாமே புகழ்ந்தெழுதாது, செய்தியை உரையாடற் பக்கத்திற் கொடுத்துப் பிறரை எழுதச் செய்தல் நன்று. மனுநீதிச் சோழன் வாயிலிற் கட்டிய மணியை ஆவும் அசைக்க முறை கிடைத்தது. ஈண்டும் மணி கட்டியே உளது; அசைப்பாரையே காணோம்.

இனி, களஞ்சியத்தை நடாத்துவார்க்கும் சில கூறுவேம். நம்மவரை மட்டும் இடித்துரைத்து அவர் குறையை மறைத்தல் நடுநிலையாகாது.

ஒன்று: கோயில்கள் பற்றிய தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல்களால் ஆயிரக்கணக்கான குறுங்கட்டுரைகள் ஒரே அச்சில் வார்க்கப் பெற்றுள்ளன. ஊர்ப்பெயரும் மூலவர் பெயரும் மாறுவதன்றி வேறு வேறுபாடு அவற்றிற் பெரிதும் இல்லை. தொகை பெருகியது, அறிவு பெருகிற்றில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதை நிறுத்தி, உள்ளவற்றை மாவட்ட வாரியாக எடுத்து, படம், கல்வெட்டு, பாடல் பெற்றமை, திருவிழா என்பன சேர்த்து நிரப்புதலே இனிச் செயற்பாலது.

இரண்டு: பொறிமொழிபெயர்ப்பு. 2009 தொடங்கிக் கூகுள் நிறுவனம் ஆங்கிலக் கட்டுரைகளைக் கூலியாள் கொண்டு மொழிபெயர்ப்பித்துத் தமிழ்க் களஞ்சியத்தில் ஏற்றிய ஞான்று, தமிழ் விக்கிப்பீடியர் அவற்றின் நடைக்குறைகளை எடுத்துக்காட்டி எதிர்த்தனர். 2010 ஆம் ஆண்டு போலந்து நாட்டில் நிகழ்ந்த விக்கிமேனியா மாநாட்டிலும் அதனை ஆய்ந்துரைத்தனர். அன்று காட்டிய விழிப்பு இன்றும் வேண்டும். பதி, பசு, பாசம் என்னும் சொற்கள் ஆங்கிலத்திற் சென்று மீண்டு தமிழுக்கு வருங்காற் 'பசு' கறவை மாடாய் வந்து நிற்றல் கூடும். கலைச்சொல் அறிந்தார் பார்வைக்கு உட்படாத மொழிபெயர்ப்பை ஏற்றலாகாது.

மூன்று: சான்று காட்டுமிடத்து நூற்பெயரோடு நில்லாது பதிப்பும் பக்கமும் குறிக்குமாறு வற்புறுத்துக. பல பதிப்புக் கண்ட நூலின் பெயரை மட்டுங் கூறுதல் கடலைக் காட்டி முத்துளதென்றலை ஒக்கும்.

நான்கு: புதியவர் எழுதியதை மீளமைக்கும்பொழுது காரணத்தை எளிய தமிழில் எழுதுக. அறுபது யாண்டு திருமுறை ஓதிய முதியவர் ஒருவர் முதன்முறை எழுதியது, ஒரு சொல்லும் இன்றி அழிக்கப்படுமாயின், அவர் மீண்டும் வாரார். அவரோடு அவர் அறிந்தவையும் போம். இழப்பு அவர்க்கன்று, களஞ்சியத்திற்கே.

சைவ அன்பர்காள்! மெய்கண்டார் அவதரித்த திருப்பெண்ணாகடம், அருணந்தியார் வாழ்ந்த திருத்துறையூர், உமாபதியார் வதிந்த கொற்றவன்குடி என்னும் இவையெல்லாம் நெய்வேலியைச் சூழ்ந்த இக்கடலூர் மாவட்டத்தனவே. மெய்கண்டார் உபதேசித்தருளிய திருவெண்ணெய்நல்லூரும் அடுத்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில் அணிமையிலேயே உளது. சந்தான குரவர் உலவிய நிலத்தில் வாழ்வார்க்கு அவர்தம் வரலாறு பிழையின்றி வழங்கச் செய்யுங் கடமை ஏனையோரினும் மிகுதி. திங்கட்கு ஒரு கட்டுரை. ஒரு கட்டுரைக்கு மூன்று சான்று. ஒரு கோயிலுக்கு ஒரு நற்படம். இவ்வளவேனும் ஒவ்வொரு வழிபாட்டு மன்றத்தாரும் மேற்கொள்வாராயின், ஓராண்டிற் காணும் வேறுபாட்டைத் தூற்றுவாரும் மறுக்கமாட்டார்.

நம் ஊர்ச் சுரங்கமே இதற்குப் பாடமாகுக. 1957 ஆம் ஆண்டு அகழத் தொடங்கியவர் 1961 ஆம் ஆண்டிலன்றோ நிலக்கரியைக் கண்டனர்? நான்கு யாண்டு மண்ணையே வாரினர். கரி கண்ட பின்னும் கீழிருந்து உந்தும் நிலத்தடி நீரை இராப்பகல் இறைத்த வண்ணமே உளர். இறைத்தல் ஓயின் சுரங்கம் நீரில் மூழ்கும். அறிவுக் களஞ்சியமும் அத்தன்மையதே. பிழை ஊறுதல் இயற்கை; இறைத்தல் கடமை. ஏசுவார் எத்துணைப் பேர் கரையில் நிற்பினும் ஒரு குடம் நீரும் குறையாது.